டிசி கொடுத்து அனுப்பாதீர்கள், வகுப்பெடுங்கள்: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குடியாத்தம் வட்டத்தில் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் அக்காவுக்கும், உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர் ஐயாவுக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள். புகையிலைப் பொருளோடு பிடிபடும் மாணவனுக்கு உடனே டிசி கொடுத்து அனுப்பிவிடுவது என்பது ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நடந்துவந்த விழிப்புணர்வு வகுப்பை நிறுத்திவிட்டு, வருடத்துக்கு ஒரு தடவை பிரேயரில் உறுதிமொழி எடுத்தால் போதும் என்பது இன்னொன்று. முதல் முடிவால் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனும் இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பொட்டலத்தை விற்ற பெட்டிக்கடை, பள்ளிச் சுவருக்கு எதிரிலேயே காலை ஏழு மணிக்கெல்லாம் திறந்துவிடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. கூட்டத்தில் பெற்றோர் பேச நேரம் தரவில்லை என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் மகன் இதே பள்ளியில் எட்டாவது படிக்கிறான். நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் வாய், பல் நோய்ப் பிரிவில் செவிலியர். பிறந்து வளர்ந்தது பீடி சுற்றும் வீட்டில். அதனால் புகையிலை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. அது எங்கள் வீட்டு முறத்தில் இருந்தது, இப்போது என் வேலையிலும் இருக்கிறது.

எங்கள் பிரிவுக்கு வருபவர்களிடம் முதலில் ஒன்று செய்யச் சொல்வோம். வாயை முழுதாகத் திறந்து, மூன்று விரலை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பல்லுக்கு நடுவில் விடச் சொல்வோம். நல்ல வாய் என்றால் மூன்று விரலும் நுழையும். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களுக்கு இரண்டு விரல் நுழையாமல் நின்றுபோவதைப் பார்க்கிறேன். சிலருக்கு ஒன்றுதான். குட்கா, பான் மசாலா என்று பாக்கு சேர்ந்த சரக்கை வருடக்கணக்கில் மென்றதால் கன்னத்தின் உட்புறம் இறுகி நார் நாராகிப்போன வாய் அது. தாடை இறங்காது. பிசைந்த சோற்றைக்கூட ஓரமாகத் தள்ளித்தான் உண்ண முடியும். பயிற்சியாலும் ஊசியாலும் அறுவை சிகிச்சையாலும் ஓரளவு திறக்க வைக்கலாம், பழைய வாய் திரும்ப வராது. அதில் ஒரு பகுதிப் பேருக்குப் பின்னால் புற்றுநோயாகவும் மாறுகிறது. பாக்கில் புகையிலையே கலக்காவிட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது.

இந்தப் பையன்களிடம் எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வது ஆறாவது, ஏழாவது, எட்டாவது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பெரிய பையன்கள் கொடுத்தார்கள் என்பான் ஒருவன். டியூஷன் போகிற வழியில், கபடி விளையாடும் இடத்தில் என்பான் இன்னொருவன். முதல் அறிகுறி என்ன தெரியுமா? காரம். காரக் குழம்பு ஊற்றினால் வாய் எரிகிறது என்று பிள்ளை தயிர்சாதம் மட்டும் கேட்க ஆரம்பிப்பான். வயிற்றுப்புண் என்று நினைத்துக்கொண்டு அம்மாவும் மோர் கரைத்துக் கொடுப்பாள். அந்த நேரத்தில் ஒருவராவது அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் நோயை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இந்த ஒரு தகவல் நம் பள்ளியில் எத்தனை அம்மாக்களுக்குத் தெரியும்? எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை வகுப்பு இருந்திருந்தால் இதைச் சொல்ல ஓர் இடம் இருந்திருக்கும்.

வகுப்பை நிறுத்தக் கூட்டத்தில் இரண்டு காரணம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை என்பது ஒன்று. அதற்குப் பதில் எளிது. அந்த வகுப்பு ஆறாவது முதல் ஒன்பதாவது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் நடந்தது, பத்தாம் வகுப்பின் நேரத்தை அது எடுக்கவில்லை. இரண்டாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும்" என்றாராம் ஒருவர்.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2019ஆம் ஆண்டு இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு 13 முதல் 15 வயது வரை உள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது. சிகரெட் பிடித்தவர்களில் 38 சதவீதம் பேரும், பீடி பிடித்தவர்களில் 47 சதவீதம் பேரும், மெல்லும் புகையிலை போட்டவர்களில் 52 சதவீதம் பேரும் பத்து வயது முடிவதற்கு முன்பே தொடங்கியவர்கள். பத்து வயதென்றால் ஐந்தாம் வகுப்பு. நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்ற நிலை எப்போதோ போய்விட்டது. கடைக்காரர் சொல்லிக் கொடுத்துவிட்டார், பக்கத்துத் தெரு அண்ணன் சொல்லிக் கொடுத்துவிட்டார். மாமாவுக்குத் தீப்பெட்டியும் பீடிக்கட்டும் வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீட்டுக்காரர்களும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சொல்லிக் கொடுக்காமல் இருப்பது பள்ளி மட்டும்தான்.

அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அந்த வயதில் புகையிலை பயன்படுத்துபவர்கள் 8.5 சதவீதம். அதாவது நூறில் தொண்ணூற்றொரு பிள்ளைகள் அதைத் தொடவில்லை. "எல்லாரும்தான் போடுறாங்க" என்ற பேச்சை நம்பித்தான் பல பிள்ளைகள் ஆரம்பிக்கிறார்கள், எங்களிடம் வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எல்லோரும் போடுவதில்லை, போடாதவர்கள்தான் மிகப் பெரும்பான்மை என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பதின்மூன்று வயதுப் பையனுக்கு மறுத்துச் சொல்ல ஒரு தைரியம் வரும். உறுதிமொழி அந்தத் தைரியத்தைத் தராது. வலது கையை நீட்டி ஒருவர் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்லி, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டுவிட்டால் அலுவலகக் கணக்கு முடிந்துவிடும். அன்று மாலையே கிரவுண்டில் ஒருவன் பொட்டலத்தை நீட்டும்போது என்ன சொல்லி மறுப்பது என்று அந்த உறுதிமொழியில் ஒரு வரிகூட இல்லை.

உலகப் புகையிலை ஒழிப்பு நாள் மே 31. நம் பிள்ளைகளுக்கு அது கோடை விடுமுறை. வருடத்துக்கு ஒரு நாளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம் என்று 2019இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கூட ஆறு மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது நடத்தச் சொல்கிறது. பள்ளி எல்லையிலிருந்து 100 கஜ தூரத்தைக் கோடு போட்டுக் குறிக்கவும், வாசலில் பலகை வைக்கவும், ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பொறுப்பாளர்களை நியமிக்கவும் சொல்கிறது. நம் வாசலில் கோடும் இல்லை, பலகையும் இல்லை.

சரி, என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அழுகிய வாயின் படத்தைப் புரொஜெக்டரில் போட்டுப் பயமுறுத்துவதை நான் கேட்கவில்லை. அந்தப் படம் பாக்கெட்டின் 85 சதவீத இடத்தில் 2016 முதல் அச்சாகி வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வாங்குகிறார்கள். நாற்பது வயதில் வரும் புற்றுநோய் பதின்மூன்று வயதுப் பையனுக்கு வேறு யாருக்கோ வரும் நோய். அவனுக்கு இந்த வாரம் நடப்பதைச் சொல்லுங்கள். புகையை இழுத்த பத்து, இருபது வினாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. சீக்கிரமே உடம்பிலிருந்து குறைந்தும் விடுகிறது. குறைந்ததும் எரிச்சல், படபடப்பு, பாடத்தில் மனம் நில்லாமல் போவது எல்லாம் வரும். மறுபடி ஒன்று போட்டதும் அது அடங்குவதால், "போட்டால்தான் எனக்குப் படிப்பு வருது" என்று பிள்ளை நம்பத் தொடங்குகிறான். அந்தத் தவிப்பை உண்டாக்கியதே அந்தப் பொட்டலம்தான் என்று அவனுக்குப் புரியவைக்க வேண்டும். மனித மூளை இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கவனம், நினைவு, யோசித்து முடிவெடுப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. அந்த வயதில் பழகிய மூளை பெரியவர்களின் மூளையைவிடச் சீக்கிரம் அடிமையாகிறது. விட்டு வெளியே வருவதும் கடினமாகிறது.

பொருள்களையும் பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் பிரித்துத்தான் நினைக்கிறார்கள். "இது சிகரெட் இல்லையே, புகையே வராதே" என்று நினைத்துத்தான் கூல் லிப் என்ற சின்னப் புகையிலைப் பையை உதட்டுக்கடியில் வைக்கிறார்கள். வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டே வைத்திருக்கலாம், வாசனையும் புதினா மாதிரி வரும் என்பதால் ஆசிரியருக்குத் தெரிவதே இல்லை. கூல் லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவதைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியது. மெல்லும் புகையிலையில் சுண்ணாம்பு சேர்ப்பது நிகோடின் வாயிலிருந்து ரத்தத்தில் வேகமாக ஏறுவதற்கு என்பதை எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் அமிலம், காரம் பாடத்தோடு சேர்த்தே நடத்திவிடலாம். பேனா மாதிரியும் பென் டிரைவ் மாதிரியும் இருக்கும் மின்சிகரெட்டை அண்ணன்மார்கள் கல்லூரியிலிருந்து கொண்டுவருகிறார்கள். பழ வாசனை, வெறும் நீராவி என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அதிலும் நிகோடின் உண்டு, 2019இலிருந்து இந்தியாவில் அதை விற்பதும் விளம்பரம் செய்வதும் சட்டப்படி குற்றம். பீடி இலைதானே, இயற்கை என்பது நம் பக்கத்துப் பேச்சு. பீடி சீக்கிரம் அணைந்துவிடும். அதனால் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது, அதில் தாரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகிறது.

பீடி என்று எழுதும்போதே எனக்குக் கை கொஞ்சம் தயங்குகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிவது பீடியால் என்று உங்களுக்குத் தெரியும். என் அம்மா இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரித்து, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார். பள்ளியில் புகையிலை கொலைகாரன் என்று ஒருவர் மேடையில் கத்தும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பீடித் தொழிலாளியின் மகள் தலையைக் குனிந்துகொள்கிறாள். அன்றைக்குத் தன் அம்மாவைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொண்டு போகிறாள், வேறெதையும் கற்றுக்கொள்வதில்லை. இப்படி நடத்தும் வகுப்பும் எனக்கு வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உண்மையான விஷயம் நிறைய இருக்கிறது. தூள் கையில் படும்போதே நிகோடின் தோல் வழியாக உடம்பில் ஏறும், அம்மாவுக்கு வரும் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லலாம். முறத்தைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், கைக்குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும் என்று சொல்லலாம். பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு என்பதையும் அதே வகுப்பில் சொல்லலாம். அம்மா செய்யும் வேலைக்கு மரியாதை, அந்தத் தூளிடம் எச்சரிக்கை என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் அப்பா பீடியைத் தொட்டதில்லை, நாங்கள் யாரும் தொட்டதில்லை. வீட்டில் இத்தனை தூள் இருந்தும் தொடாததற்குக் காரணம், அம்மா அதைப் பற்றி எங்களிடம் மறைக்காமல் பேசினார்.

இப்போது அந்த இரண்டு பையன்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 16ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் குழு உருவானதே அந்தச் சட்டத்தின் கீழ்தான். அந்தச் சட்டத்தில் வந்த குழு அந்தச் சட்டத்தையே மீறித் தீர்மானம் போடலாமா? ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அந்தப் பிரிவு பொருந்தாமல் போகலாம். ஆனால் அவன் அப்பா லுங்கி நெசவுக்குப் போகிறார், வேறு பள்ளி தேடி அலைய அவருக்கு ஒரு நாள் கூலி போக வேண்டும். பையன் இப்போதே ஒரு வொர்க்‌ஷாப்பில் எடுபிடியாக நிற்கிறான். நாளெல்லாம் பீடியும் ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலையும் கைமாறும் இடம் அது. பள்ளியில் இருந்தவரை அவனுக்கு ஆறு மணி நேரமாவது கண்காணிப்பு இருந்தது. நீங்கள் எடுத்த முடிவு அவனைப் புகையிலையிலிருந்து பிரிக்கவில்லை, பள்ளியிலிருந்துதான் பிரித்திருக்கிறது. இதில் இன்னொரு கேடும் உண்டு. மீதி இருக்கும் பிள்ளைகளில் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவன் எவனும் இனி எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்க மாட்டான். சொன்னால் டிசி என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது என்று பாருங்கள். 2003ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. அதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் கடைக்காரர்களுக்குப் பயமில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது அது. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 மே மாதம் தமிழ்நாடு அரசு தடை போட்டு, வருடா வருடம் நீட்டித்து வருகிறது. எல்லைச் சோதனைச் சாவடியில் மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறோம். பிடிபடாத மூட்டை எந்தக் கடையில் பிரிகிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் உறவுக்காரர், திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவர், அதனால் பேசத் தயக்கம். எனக்கும் அவர் முறையில் சித்தப்பாதான். இந்த மடலை எழுதும் முன் அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். நான் விற்காவிட்டால் அடுத்த தெருவில் விற்பான் என்றார். அப்படியென்றால் இரண்டு கடையிலும் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் பதில்.

ஆகவே நான் கேட்பவை இவை. டிசி தீர்மானத்தை ரத்து செய்து, அந்த இரண்டு பையன்களையும் வரும் திங்கட்கிழமையே வகுப்பில் உட்கார வையுங்கள். அவர்களை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள், பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பழக்கத்தை விடுவதற்கு ஆலோசனை சொல்கிறார்கள். தலைமையாசிரியர் அறையில் இருந்து அந்தப் பையன்களைப் பேச வைக்கலாம். இனி பிடிபடும் பிள்ளைக்கும் இதுவே வழி என்று தீர்மானத்தை மாற்றி எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பை ஆறாவது முதல் திரும்பத் தொடங்குங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று பக்கத்துத் தொடக்கப் பள்ளியிடம் பேசுங்கள். யார் எடுப்பது என்ற கேள்வி வேண்டாம். அறிவியல் ஆசிரியரும் பி.டி. சாரும் மாற்றி மாற்றி எடுக்கட்டும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், கூட வேலை செய்யும் பல் மருத்துவர் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேசுவதைப் பிள்ளைகளே நடித்துப் பழக வேண்டும், அதற்கு மைக்கும் மேடையும் தேவையில்லை. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் திறந்து பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அந்தக் காரம் எரியும் அறிகுறியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச எனக்கு நேரம் கொடுங்கள்.

100 கஜத்தை அளந்து மஞ்சள் கோடு போடுங்கள், வாசலில் பலகை வையுங்கள். கோட்டுக்குள் இருக்கும் கடைகளுக்குக் குழுவின் பெயரில் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். நிறுத்தாவிட்டால் காவல் நிலையத்திலும் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் 77ஆம் பிரிவைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். குழு கையெழுத்துப் போடத் தயங்கினால் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன், சித்தப்பா கடையாக இருந்தாலும். அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேர்த்து, அன்று பெற்றோர் பேச நேரம் ஒதுக்கி, எடுக்கும் முடிவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்